வகுப்பறைக்கும் களியாம்பூண்டிக்கும் இடையே

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியரின் பதவி உயர்வுப் பாதையில் கலைத்திட்டம் என்றொரு படி இல்லை. இடைநிலை ஆசிரியர் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராகலாம், தகுதியிருந்தால் பட்டதாரி ஆசிரியராகலாம். பட்டதாரி ஆசிரியர் முதுகலை ஆசிரியராகவோ தலைமையாசிரியராகவோ ஆகலாம். நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியருக்கு வட்டாரக் கல்வி அலுவலர் நாற்காலி இருக்கிறது. எல்லா வழிகளும் கடைசியில் கோப்பு, கையெழுத்து, ஆய்வு என்ற திசையில்தான் போய்ச் சேருகின்றன. குழந்தை எதை, எப்போது, எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை இந்தப் பாதையில் எங்கும் குறுக்கிடுவதில்லை.

ஆனால் அந்த வேலையைச் செய்பவர்கள் ஆசிரியர்கள்தாம். எந்த வகுப்புப் பாடநூலையும் பின்பக்கத்திலிருந்து புரட்டினால் தெரியும். பாட வல்லுநர், மேலாய்வாளர், ஒருங்கிணைப்பாளர், பாடநூல் ஆசிரியர்கள், ஓவியர், பக்க வடிவமைப்பாளர், விரைவுத் துலங்கல் குறியீட்டுக் (QR) குழு என்று பெயர்கள் அடுக்கடுக்காக வரும். பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் பதவியும் பள்ளியும் மாவட்டமும். பட்டதாரி ஆசிரியர், அரசு உயர்நிலைப் பள்ளி. இடைநிலை ஆசிரியர், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்ற வரிகள் அங்கே ஏராளம். பேராசிரியர்களின் பெயர்கள் மேலே இருக்கும், எழுதியவர்களின் பெயர்கள் கீழே இருக்கும். இந்தப் பக்கத்தை மாணவர்கள் படிப்பதில்லை. பெற்றோரும் படிப்பதில்லை. எந்தத் தாளில் நூல் அச்சாகியிருக்கிறது என்ற தகவலோடு அட்டை மூடிக்கொள்கிறது.

வேலையின் அடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பள்ளிக் கல்வி எதற்காக, என்ன மதிப்புகளோடு, என்ன வகையான மனிதரை மனத்தில் வைத்து என்ற பெரிய வரைவு கலைத்திட்டம். அதை வகுப்புவாரியாகவும் பாடவாரியாகவும் பிரித்துப் போட்டால் பாடத்திட்டம். அதிலிருந்து பாடநூல், ஆசிரியர் கையேடு, பயிற்சி நூல், வினாத்தாள் அமைப்பு என்று கிளைகள் இறங்குகின்றன. மேல் அடுக்கில் துணைவேந்தர்களும் செயலர்களும் அமர்கிறார்கள். கீழ் அடுக்குக்கு வர வரத்தான் சுண்ணக்கட்டி பிடித்த கைகள் தேவைப்படுகின்றன. ஆசிரியர்கள் பெரும்பாலும் நுழைவது இந்தக் கீழ் அடுக்கில். மேல் அடுக்கு ஏற்கெனவே முடிவாகி, கையில் ஒரு பட்டியலாகத்தான் வந்து சேரும்.

இதற்கான நிறுவனங்கள் வளர்ந்த விதமும் கவனிக்கத்தக்கது. 1965இல் மாநிலக் கல்வி நிறுவனம் என்று தொடங்கியது, 1970இல் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமாக விரிந்தது. அதே 1970இல் பாடநூல் அச்சிடுவதற்கென்று தனி நிறுவனமும் வந்தது; இன்றைய தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் அதன் தொடர்ச்சி. 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, மாநில அளவிலேயே எல்லாம் குவிவது சரியல்ல என்று கருதி, மாவட்டந்தோறும் ஓர் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வேண்டும் என்றது. காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு அது அமைந்த இடம் காஞ்சிபுரம் நகரம் அல்ல. உத்திரமேரூர் வட்டத்துக் களியாம்பூண்டி. பட்டு நகரத்தை விட்டுவிட்டு ஏரிப்பாசன வயல்களுக்கு நடுவே ஒரு கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டுபோய் வைத்தது எந்தக் காரணத்தால் நடந்திருந்தாலும், நல்லதாகவே முடிந்தது. யாருக்காகப் பாடம் எழுத வேண்டுமோ அந்தக் குழந்தைகள் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறார்கள்.

இந்த நிறுவனங்களுக்கு வகுக்கப்பட்ட கிளைகள் ஏழு. பணிமுன் பயிற்சி, பணியிடைப் பயிற்சி, மாவட்ட வள அலகு, கல்வித் தொழில்நுட்பம், பணி அனுபவம், திட்டமிடலும் மேலாண்மையும் ஆகிய ஆறோடு, கலைத்திட்டம், கற்றல் பொருள் உருவாக்கம், மதிப்பீடு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு தனிக் கிளை. மாவட்டத்துக்கேற்ற பாடப்பொருளை மாவட்டத்திலேயே உருவாக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தாளில் இருக்கும் இந்தக் கிளை நடைமுறையில் பெரும்பாலும் சென்னையிலிருந்து வரும் கையேட்டைப் பயிற்சியாக மாற்றி அனுப்பும் வேலையில் கரைந்துபோகிறது. பயிற்சி நடந்ததா, எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குக் கேட்க ஆள் உண்டு. இந்த வருஷம் உங்கள் மாவட்டத்துக் குழந்தைக்காக எழுதிய பாடம் எங்கே என்று கேட்க ஆள் இல்லை.

உத்திரமேரூர் ஒன்றியத்தில் 73 ஊராட்சிகள். அவற்றில் பல ஊர்களில் பள்ளி என்பது இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். இப்படி ஒரு பள்ளியிலிருந்து ஒருவர் பாடம் எழுதும் வேலைக்குப் போகும் வழி பொதுவாக இப்படி அமைகிறது. முதலில் குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மாதிரி வகுப்பு எடுக்கிறார். ஆசிரியர் பயிற்றுநர் அவர் பெயரைக் குறித்துக்கொள்கிறார். அடுத்த பயிற்சியில் வட்டார வள மையத்தில் அவர் கருத்தாளர். பிறகு மாவட்டக் கருத்தாளர். களியாம்பூண்டியில் ஒரு பணிமனை. அங்கே தயாரித்த செயல்பாடு யாரோ ஒரு விரிவுரையாளரின் கண்ணில் படுகிறது. ஒருநாள் சென்னையிலிருந்து பட்டியல் வருகிறது. விண்ணப்பம், நேர்காணல், எழுத்துத் தேர்வு என்று எதுவும் இருக்க வேண்டியதில்லை. வாய்வழிப் பரிந்துரைதான் பெரும்பாலும் வாசல். திறமையானவர்கள் இப்படி உள்ளே வந்திருக்கிறார்கள் என்பது உண்மை. யாருடைய கண்ணிலும் படாத திறமையானவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்பதும் உண்மை.

பட்டியலில் பெயர் வந்தவர் போவது ‘மாற்றுப்பணி’ என்ற ஏற்பாட்டில். சம்பளம் பழைய பள்ளியின் கணக்கில்தான். உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. விடியலில் செங்கல்பட்டுக்குப் பேருந்து, அங்கிருந்து மின்சார ரயிலில் நுங்கம்பாக்கம், பிறகு கல்லூரிச் சாலையில் உள்ள கல்வித் துறை வளாகம். மாலையில் அதே வழியில் திரும்ப வேண்டும், இல்லையென்றால் சென்னையில் அறை எடுக்க வேண்டும். பெண் ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு வீட்டுச் சூழல் இதற்கு இடம் தரும் என்பதைப் பாடநூலின் பின்பக்கப் பெயர்ப் பட்டியல் சொல்லாது.

அங்கே போய் உட்கார்ந்தபின் என்ன மாறுகிறது என்பதற்கு ஒரு கணக்குப் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் இரண்டாம், மூன்றாம் வகுப்பில் ஒரு கூட்டம் 35 என்று எழுதும். அது கவனக்குறைவு அல்ல. ஒன்றின் இடத்தில் 2உம் 7உம் இருக்கின்றன. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று அதுவரை மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். குழந்தை அதைத்தான் செய்திருக்கிறது. 7இலிருந்து 2 போனால் 5, 4இலிருந்து 1 போனால் 3. விதி சுத்தமாகக் கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது, விடைதான் தவறு. வகுப்பறையில் சில வருஷம் நின்ற ஆசிரியருக்கு இது மனப்பாடம். எந்தக் குழந்தை 35 எழுதும் என்றுகூட முன்கூட்டியே தெரியும். தரையில் உட்கார்ந்து, பத்துப் பத்தாக ரப்பர் போட்ட ஈர்க்குச்சிக் கட்டுகளில் நான்கை எடுத்து வைத்து, இரண்டு உதிரிக் குச்சி போட்டு, ‘இதுல ஏழ எடு பாப்போம்’ என்பார். குழந்தை திகைக்கும். கட்டை அவிழ்க்கலாமா என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்த பிறகு பாடம் தானாக நகரும்.

அதே ஆசிரியர் பாடநூல் குழுவில் உட்காரும்போது முதலில் காணாமல்போவது அந்தக் குழந்தையின் கேள்வி. எதிரே ஒரு வெள்ளைத் தாள், ஓர் ஓவியர், பக்க எண்ணிக்கை, கெடு தேதி. இப்போது வேறுவிதமான கேள்விகள் எழுகின்றன. கட்டை அவிழ்க்கும் செயல்பாடு எந்த வகுப்பில், எந்தப் பருவத்தில் வர வேண்டும்? அதற்கு முன் 42 என்பதை மூன்று பத்தும் பன்னிரண்டு ஒன்றும் என்று பார்க்கும் பழக்கம் எங்காவது வந்திருக்கிறதா? வராவிட்டால் அதற்கு எத்தனை பாடவேளை ஒதுக்குவது, அதற்காக எதை வெட்டுவது? முதல் எடுத்துக்காட்டாக 42 – 17 வைப்பதா, 40 – 17 வைப்பதா? பூச்சியம் வந்தால் சில குழந்தைகள் வேறுவிதமாகத் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றத்தை இதோடு கலக்காமல் தள்ளி வைப்பது நல்லது. 17ஐ ஏறத்தாழ 20 என்று எடுத்தால் விடை 22க்குப் பக்கத்தில் இருக்கும், ஆகவே 35 வர வாய்ப்பே இல்லை என்று உத்தேசமாகப் பார்க்கும் பழக்கத்தை எந்தப் பக்கத்தில் நுழைப்பது? ஒரு கற்பனைப் பிள்ளை 35 என்று எழுதியதாகக் காட்டி, அவள் எங்கே தவறினாள் என்று கேட்கும் பயிற்சியை வைத்தால், தவறான விடையை அச்சில் போடலாமா என்று மேலாய்வாளர் கேட்பார். கேட்பார் என்பதைவிட, கேட்டே தீர்வார். பாடநூலில் உள்ளது வேதவாக்கு என்று நம்பும் சமூகத்தில் அந்தக் கேள்வி நியாயமானதும்கூட.

படத்தில் ஈர்க்குச்சி போடுவதா என்பது அடுத்த தகராறு. உத்திரமேரூர்ப் பக்கத்துப் பிள்ளைக்குத் தென்னையும் ஈர்க்கும் கைப்பழக்கம். செங்கல் சூளையில் பெற்றோர் வேலை செய்யும் பிள்ளைக்குக் கல் அடுக்கும் கணக்கு தெரியும். நீலகிரிப் பிள்ளைக்கு இரண்டுமே படமாகத்தான் தெரியும். மாநிலம் முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு ஒரே நூல். கடைசியில் பத்து ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய்க் காசும் என்று முடிவாகும். சில்லறை மாற்றுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான், கடைக்குப் போகாத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. நல்ல முடிவு. ஆனால் ஈர்க்குச்சிக் கட்டில் பத்து குச்சிகள் கண்ணுக்குத் தெரிந்தன. ரூபாய்த் தாளில் பத்து என்பது எழுத்தில் மட்டுமே இருக்கிறது. ஆகவே குச்சிக் கட்டு ஆசிரியர் கையேட்டுக்குள் போகும். வகுப்பில் ஒருவராக இருந்தபோது ஒரே அசைவில் செய்ததை இப்போது பாடநூல், கையேடு, பயிற்சி நூல் என்று மூன்று இடத்தில் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. மூன்றும் ஒருங்கே ஒரு வகுப்பறைக்குள் போய்ச் சேருமா என்பது எழுதியவர் கையில் இல்லை.

பாடம் நடத்துவதும் பாடம் வகுப்பதும் வெவ்வேறு திறமைகள் என்பது இங்கே துலங்குகிறது. நடத்தும்போது விளக்கம் எடுபடவில்லை என்றால் முகங்களே சொல்லிவிடும். அடுத்த நொடியே வேறு விதமாகச் சொல்லலாம். அச்சேறிய பக்கம் எடுபடவில்லை என்பது எழுதியவருக்குத் தெரிய ஒரு வருஷம் ஆகலாம், தெரியாமலேயும் போகலாம். சிறந்த ஆசிரியர் சிறந்த பாடநூல் ஆசிரியராக இருப்பார் என்ற நம்பிக்கை பாதி சரி. வகுப்பில் கதை சொல்லிக் கட்டிப்போடுகிற ஆசிரியர்கள் சிலர் எழுத உட்கார்ந்தால் பழைய பாடநூலின் நடையையே திருப்பி எழுதுகிறார்கள். அதிகம் பேசாத, நோட்டுத் திருத்தும்போது தவறுகளை வகைபிரித்துக் குறித்துவைக்கிற ஆசிரியர்கள் இந்த வேலையில் எதிர்பாராமல் மின்னுகிறார்கள்.

கணக்கை விட வரலாறு சங்கடமானது. சோழர் பாடத்தில் குடவோலை முறை வருகிறது, அதற்குச் சான்றாக உத்திரமேரூரும் வருகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919இலும் 921இலும் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. குடும்புகள் என்ற 30 ஊர்ப்பிரிவுகள், பெயர் எழுதிய ஓலைகள், குடம், ஓலையை எடுக்க ஒரு சிறுவன் என்பதெல்லாம் எந்தப் பிள்ளைக்கும் உடனே பிடித்துப்போகும் காட்சி. உள்ளூர் ஆசிரியர் பிள்ளைகளை வரிசையாக நடத்திக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரையே காட்டலாம். மாநிலத்துக்கு எழுதுபவர் அரைப் பக்கத்துக்குள் முடிக்க வேண்டும். அரைப் பக்கத்தில் எது நிற்கும், எது போகும்?

கல்வெட்டு சொல்லும் தகுதிகளைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். இரண்டாவது கல்வெட்டின்படி வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு. வேதப் பயிற்சி. இது நான்கு வேதம் வல்ல அந்தணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமற்றவர்க்கும் பெண்களுக்கும் பிற சாதியார்க்கும் குடத்தில் ஓலை இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இருளர் வீட்டுப் பிள்ளையோ காலனியிலிருந்து வரும் பிள்ளையோ ‘எங்க ஊரு ஆளுங்க அதுல இருந்தாங்களா?’ என்று கேட்டால் ஆசிரியர் அங்கேயே, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, பதில் சொல்லிக்கொள்ளலாம். பாடநூல் எழுதுபவர் அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும். மக்களாட்சியின் தொட்டில் என்று பெருமையாக மட்டும் எழுதினால் பொய் பாதி கலக்கும். விலக்குகளை மட்டும் எழுதினால், பதவிக்காலத்துக்கு எல்லை வைத்தது, கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் ஒதுக்கியது போன்ற அசாதாரணமான சேதிகள் அடிபட்டுப்போகும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டையும் எட்டு வாக்கியத்தில் சொல்ல முடியும். அதற்கு நேரம் வேண்டும், எழுதியதை நான்கு பள்ளிகளில் நடத்திப் பார்க்கும் பொறுமை வேண்டும். கெடு தேதி அந்தப் பொறுமையை எப்போதும் தருவதில்லை.

கல்வெட்டில் இந்தக் கட்டுரையின் பொருளோடு நேராக உரசும் விதிகள் சில உண்டு. வேதம் கற்றிருந்தால் மட்டும் போதாது, பிறருக்குக் கற்பித்து அறிந்தவராக இருக்க வேண்டும் என்பது ஒன்று. சபையின் குழுவான வாரியத்தின் பொறுப்பு 360 நாள் என்பது இன்னொன்று. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரை மறுபடி குடத்தில் இடக்கூடாது என்பது மூன்றாவது. 919இல் போட்ட விதிகளை இரண்டே வருஷத்தில் பிரித்துப் பார்த்து, வயது வரம்பைக்கூட மாற்றி, விரித்து எழுதியிருக்கிறார்கள் என்பதும் சாதாரண விஷயமல்ல. நம் பாடநூல்களுக்கு அந்த வேகத்தில் திருத்தம் கிடைத்ததில்லை.

ஆசிரியர்கள் கூட்டாகப் பாடப்பொருள் உருவாக்கிய பெரிய முயற்சி தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஆசிரியர்களை ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளிக்கு அனுப்பினார். பார்த்துவிட்டு வந்தவர்கள் அங்குள்ள கற்றல் அட்டைகளை அப்படியே பெயர்க்காமல், தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைச் சிறு சிறு படிகளாக உடைத்துத் தாங்களே அட்டைகள் எழுதினார்கள். 13 பள்ளிகளில் தொடங்கி, மறு ஆண்டே 264 மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் பரவி, 2007-08இல் மாநிலம் முழுவதற்கும் போனது. அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி, சின்னங்கள், குழந்தைகளின் வேலையைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், குழந்தை உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை எல்லாம் உத்திரமேரூர் ஒன்றியப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தன. அட்டை எழுதிய சென்னை ஆசிரியர்களுக்கு அது தங்கள் கைவேலை. அட்டையைக் கட்டாகப் பெற்றுக்கொண்ட கிராமத்து ஆசிரியருக்கு அது இன்னொரு சுற்றறிக்கை. ஒரே பொருள் ஒருவரை வளர்த்தது, மற்றவரை அலுக்க வைத்தது. கிழிந்த அட்டைக்கு மாற்று வராத பள்ளிகளில் ஏணியின் நடுப்படிகளே காணாமல்போயின. 2018இல் புதிய பாடநூல்கள் வந்தபின் அட்டைகள் அலமாரிக்குப் போய்விட்டன.

அந்தப் பாடநூல் திருத்தம் வேகத்தில் ஒரு சாதனை. நான்கு வகைப் பள்ளிகளையும் ஒரே பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்த 2010ஆம் ஆண்டுச் சமச்சீர் கல்விச் சட்டமும், அதை நடைமுறைப்படுத்தச் சொன்ன 2011 ஆகஸ்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பழைய கதை. 2017இல் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு. அந்த நவம்பரில் வரைவுப் பாடத்திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு. 2018-19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புத்தகம். அடுத்த ஆண்டில் மற்ற வகுப்புகளுக்கும். ஓராண்டுக்குள் இத்தனை நூல் என்றால், எழுதிய ஆசிரியர்கள் தூக்கத்தை விற்றுத்தான் எழுதியிருக்க வேண்டும். தாளும் படமும் அமைப்பும் நாட்டுக்கே முன்மாதிரி என்று சொல்லத்தக்கவை. ஆனால் எழுதிய பாடத்தை வகுப்பில் நடத்திப் பார்த்துத் திருத்தும் கட்டம் அந்த வேகத்தில் மெலிந்தது. மேல்வகுப்பு நூல்களின் கனம் தாங்காமல் ஆசிரியர்கள் திணறினார்கள். 2020-21இல் கொரோனாவுக்காகப் பாடப்பகுதிகளைக் குறைத்தபோது, எது இல்லாமலும் நடத்தலாம் என்ற கேள்விக்கு முதன்முறையாக அதிகாரபூர்வமான பதில் கிடைத்தது.

2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், முதல் மூன்று வகுப்புகளுக்கான கையேடுகளும் பயிற்சி நூல்களும் மறுபடி ஆசிரியர்களின் கூட்டு உழைப்பில் வந்தன. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது வகுப்பறை அனுபவத்தின் பிள்ளை. ஒரே வகுப்பில் மூன்று வகுப்புக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது ஆசிரியருக்குத்தான் முதலில் தெரியும். 42 – 17க்கு 35 எழுதும் குழந்தையை அங்கேயே நிறுத்திக் கவனிக்க இதில் இடம் கிடைத்தது.

வகுப்பறையை விடாமலேயே கலைத்திட்ட வேலை செய்ய முடியும் என்பதற்கு இந்தியாவில் ஹோஷங்காபாத் சான்று. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் 1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, நடத்திய பாடத்தின் குறைகளைச் சொல்லி, பாடநூலைத் திருத்த வைத்தார்கள். பாடநூல் என்பது மாவட்டத்தின் ஆசிரியர்கள் தொடர்ந்து வாதாடும் பொருளாக இருந்தது. 2002இல் மாநில அரசு அதை முடித்துவைத்தது. பிரிட்டனில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் வெளியிட்ட நூலில் ஆசிரியரே ஆய்வாளராக இல்லாமல் கலைத்திட்டம் வளராது என்று வாதிட்டார். அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவரே. கல்வியியல் கல்லூரிகளில் அவர் பெயர் வினாத்தாளில் வருகிறது, கலைத்திட்டம் பற்றி ரால்ஃப் டைலர் எழுப்பிய நான்கு கேள்விகளோடு சேர்த்து மனப்பாடம் செய்யப்படுகிறது.

மாற்றுப்பணியில் போனவரின் இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் பேசப்படாத பாதி. ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர் மூன்று மாதம் சென்னைக்குப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். மாற்று ஆள் வருவது உறுதியில்லை. மாநிலத்துக் குழந்தைகளுக்கு நல்ல பாடம் எழுதப் போனவரின் சொந்தக் குழந்தைகள் அந்தப் பருவத்தில் பாடமில்லாமல் இருப்பார்கள். ஊர்க்காரர்கள் தலைமையாசிரியரிடம் கேட்பார்கள். சக ஆசிரியர் முகம் சுளிப்பார். ‘சார் எப்பவும் ஓ.டி.லதான்’ (மாற்றுப்பணியில்தான்) என்ற பேச்சு எழும். இந்தப் பேச்சில் பொறாமை உண்டு, நியாயமும் உண்டு.

திரும்பி வருபவருக்கும் நிலைமை சுலபமல்ல. பாடத்திட்டத்தின் முன்பின் தெரிந்தவர் என்பதால் அவர் வகுப்பு மேம்படுகிறது. எந்தப் பக்கம் அவசரத்தில் எழுதப்பட்டது என்றும் அவருக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைத் தாண்டி நடத்தும் துணிச்சல் வந்துவிடுகிறது. ஆனால் கற்ற திறமையைத் துறை எங்கும் பதிந்துகொள்வதில்லை. ஊதிய உயர்வு, பதவி உயர்வு எதிலும் அதற்கு மதிப்பெண் கிடையாது. சிலர் திரும்புவதே இல்லை. ஒரு மாற்றுப்பணி முடிவதற்குள் அடுத்தது, பிறகு காணொலிப் பாடம், கல்வித் தொலைக்காட்சி, வினா வங்கி என்று வருடங்கள் போகின்றன. வகுப்பறையை விட்டுப் பத்து வருடம் ஆனவர் இன்னும் வகுப்பறை அனுபவத்தின் பெயரால் பேசிக்கொண்டிருப்பார். அவர் நினைவில் இருக்கும் குழந்தைக்குக் கைப்பேசி தெரியாது.

தனியார் வழி வேறு மாதிரி. சென்னைப் பதிப்பகங்களும் கல்விச் செயலி நிறுவனங்களும் ஆசிரியர்களைப் பாட எழுத்தாளர்களாக எடுக்கின்றன. தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்தில் இருப்பவருக்கு அது கௌரவமான தப்பிப்பு. அங்கே பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, விற்பனைப் பிரிவின் சொல்லே இறுதிச் சொல். உத்திரமேரூர்ப் பிள்ளை அந்த நூல்களின் வாடிக்கையாளர் அல்ல என்பதால் அவளுக்கான எடுத்துக்காட்டுகளும் அங்கே தேவைப்படுவதில்லை.

நிலையான பணியாக இந்த வேலை இருக்கும் முக்கிய இடம் மாவட்டப் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர் பதவி. அதற்கு முதுகலைப் பட்டமும் கல்வியியல் முதுகலையும் வேண்டும். இந்தத் தகுதி உள்ளவர்களில் பெரும்பாலோர் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளைப் பார்த்தவர்கள். தொடக்கக் கல்விக்கான நிறுவனத்தில், ஒன்றாம் வகுப்பு நடத்தியவர் அரிது. பழைய பள்ளி ஆய்வாளர் மரபின் எச்சம் இது: பட்டம் உயர்ந்தவர் சிறிய வகுப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது. அந்த மரபிலிருந்தும் பெரியவர்கள் வந்திருக்கிறார்கள். இதே மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் 1912இல் பிறந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளி ஆய்வுப் பணியிலிருந்து உயர்ந்து 1954இல் பொதுக்கல்வி இயக்குநராகி, பள்ளிக்குள் சோற்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்க அது போதுமாயிருந்தது. வந்த பிள்ளை 42இலிருந்து 17ஐக் கழிக்க, இரண்டாம் வகுப்பு நடத்தியவரின் கை பாடநூலில் பட வேண்டியிருக்கிறது.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபின் பாடத்திட்டம் மறுபடி திருத்தப்படும் காலம் வந்திருக்கிறது. மறுபடி பட்டியல்கள் தயாராகும். துறை செய்ய வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. பாடம் எழுதும் பணிக்கு வெளிப்படையான விண்ணப்பமும் மாதிரிப் பாடம் எழுதும் தேர்வும் வேண்டும். போகிறவரின் பள்ளிக்கு அதே நாளில் மாற்று ஆசிரியர் வர வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் யாரும் வகுப்பறைக்கு வெளியே இருக்கக்கூடாது. மறுபடி போக வேண்டுமானால் இடையில் மூன்று ஆண்டு வகுப்பெடுத்திருக்க வேண்டும். எழுதிய ஒவ்வொரு பாடமும் அச்சுக்கு முன் ஒரு பருவம் கிராமத்துப் பள்ளிகளில் நடத்திப் பார்க்கப்பட வேண்டும். அந்தப் பள்ளிகளில் சிலவாவது களியாம்பூண்டி நிறுவனத்திலிருந்து மிதிவண்டியில் போய்வரும் தூரத்தில் இருக்கட்டும்.